வாய்பாடு தெரிந்தது, காரணம் தெரியவில்லை

பி.எஸ்சி. இயற்பியலில் 86 சதவீதம் வாங்கியிருந்தேன். எம்.எஸ்சி. நேர்முகத் தேர்வில் தனி ஊசலின் அலைவு நேர வாய்பாட்டைக் கேட்டார்கள். உடனே எழுதினேன். "கோணம் பெரிதானால் என்ன ஆகும்?" என்றார்கள். சாக்பீஸும் கையுமாக நின்றேன். இடம் கிடைக்கவில்லை.

அன்று இரவே ஒரு மீட்டர் நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். சின்ன வீச்சில் பத்து அலைவுக்கு 20 விநாடி. 60 டிகிரிக்கு இழுத்து விட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை விநாடி கூடியது. கோணம் (தீட்டா) சிறியது என்று வைத்துக்கொண்டு, சைன் தீட்டாவைத் தீட்டா என்றே எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு வரியை மூன்று வருடமாக யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்!

அப்புறம் படிக்கும் விதமே மாறியது. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் முதலிலிருந்து வருவிப்பேன். எந்த அனுமானம் எங்கே நுழைகிறது என்று சிவப்பு மையில் குறிப்பேன். வாரம் ஒருநாள் ஜூனியர்களுக்குக் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் கேட்ட "ஏன் சார்?"தான் எனக்கு நல்ல பயிற்சி.

ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வில் விடையை எண்ணாகவே தரவேண்டிய 20 கேள்விகள் உண்டு. தெரிவுகள் கிடையாது, ஊகம் எடுபடாது. முன்பு எனக்குப் பயமே அந்தப் பகுதிதான். அடுத்த வருடம் அதைத்தான் முதலில் எடுத்தேன். இடமும் கிடைத்தது.