கண்கட்டிக்கு ஒத்தடம்: பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்

கண் இமையில் கட்டி வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் தேடுவது நாமக்கட்டியைத்தான். உடம்பில் சூடு ஏறிவிட்டது, குளிர்ச்சியாக எதையாவது பூசினால் அமுங்கிவிடும் என்பது கணக்கு. நாமக்கட்டி இல்லாவிட்டால் நந்தியாவட்டைப் பூ, அதுவும் இல்லாவிட்டால் விளக்கெண்ணெய், வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் தாய்ப்பால். முக்கூடல் பக்கம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த வரிசை மனப்பாடம். கட்டிக்கு வேண்டியது குளிர்ச்சி இல்லை, சூடுதான் என்று சொன்னால், "சூட்டுக்குச் சூடே வைக்கச் சொல்லுதியளே யக்கா" என்று சிரிப்பார்கள்.

விஷயம் இதுதான். இமை முடியின் வேரை ஒட்டியும், இமையின் உட்பக்கமும் பொடிப்பொடியாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. உட்பக்கச் சுரப்பிகள் மேல் இமையில் மட்டும் 25 முதல் 40 வரை இருக்கும். மார்கழிக் காலையில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்குமே, அப்படி இந்த எண்ணெயும் கெட்டிப்பட்டு வாய் அடைத்துக்கொள்ளும். நம் தோலில் எப்போதும் குடியிருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு அது போதும். உள்ளே பெருகி, சிவந்து, வீங்கி, சீழ் வைத்துவிடும். இளஞ்சூடு பட்டால் எண்ணெய் இளகும், அடைப்பு திறக்கும், சீழ் தானாக வெளியேற வழி கிடைக்கும். உள்ளங்கையில் விரலைப் பரபரவென்று தேய்த்துக் கட்டியில் வைப்பார்களே பெரியவர்கள், அது சரியான யோசனைதான். ஆனால் அந்தச் சூடு நாலு நொடிகூட நிற்காது.

ஒத்தடம் கொடுக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெந்நீரை விளாவி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுள்ளென்று இழுக்கக் கூடாது. துவைத்துக் காயப்போட்ட பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, முக்கிப் பிழிந்து, மூடிய கண்மேல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் துணி ஆறிவிடும், இங்கேதான் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். ஆறிய துணியால் பிரயோசனமில்லை. மறுபடி முக்கி, மறுபடி வைத்து, முழுசாகப் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும். நாளைக்கு மூன்று நாலு தரம். ரேடியோவில் இரண்டு பாட்டு ஓடி முடிகிற நேரம்தானே!

துணி மாற்றிச் சலித்தால், ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து தோசைக்கல்லில் லேசாகச் சூடாக்கி வைக்கலாம். சூடு கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் நம்மை அறியாமல் இமைத் தோலைச் சுட்டுவிடவும் செய்யும், அதனால் மணிக்கட்டுச் சோதனையை விடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு அரிசிக் கிழி வேண்டாம், துணியே போதும்.

ஒத்தடம் முடிந்ததும் சுத்தமான விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும், முடி இருக்கும் ஓரம் வரை மெதுவாக நீவிவிடுங்கள். அழுத்தக் கூடாது. மஞ்சள் முனை தெரிந்தாலும் பிதுக்குவது, ஊசியால் குத்துவது எல்லாம் ஆபத்து, சீழ் உள்பக்கம் பரவிவிடும். கட்டி தானே உடைந்தால் சுத்தத் துணியால் துடைத்துவிட்டு ஒத்தடத்தைத் தொடருங்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதுவரை கண்மை வேண்டாம், கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம்.

நாமக்கட்டி காய்ந்து உதிர்ந்து கண்ணுக்குள் விழும், அதனால் எனக்கு அதில் இஷ்டமில்லை. அதைவிட எனக்குக் கோபம் வருவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றும் சொட்டு மருந்தில்தான். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண்ணின் அழுத்தம் ஏறிவிடக்கூடும். மருத்துவர் எழுதாமல் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

வராமல் தடுப்பது கையில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் சொளவு, விரல் முழுக்கத் தூள், கண் அரித்தால் அதே கையால் ஒரு தேய்ப்பு. எதிர் வீட்டுப் பிள்ளைக்கு மூன்றாம் தரமும் கட்டி வந்தபோது, "ஏட்டி, கையக் கழுவாம கண்ணத் தொடாத" என்று அவள் திண்ணைப் பக்கமே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைக்கச் சொன்னேன். எழுந்து போகச் சோம்பல்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனி ஆடிக் காற்றில் மண் பறக்கிற நாட்களிலும் இதே கதைதான்.

கண்மையை இரவில் துடைத்துவிட்டுப் படுங்கள், அக்கா தங்கையானாலும் ஒரே கண்மை வேண்டாம். கட்டி உள்ளவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது பொய். ஆனால் அவர் துடைத்த துண்டைத் தனியே வைக்க வேண்டும். இமை ஓரத்தில் பொடுகு மாதிரிச் செதில் இருக்கிறவர்கள் தினமும் ஒத்தடம் கொடுத்து, ஈரத் துணியால் ஓரத்தைத் துடைத்து வருவது நல்லது. அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பவரையும் சோதிக்க வேண்டும்.

வீக்கம் இமை முழுக்கவோ கன்னத்துக்கோ பரவினால், காய்ச்சல் வந்தால், பார்வை மங்கினால், கண்ணை அசைக்க வலித்தால் ஒத்தடத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி போய், பட்டாணி அளவுக்கு ஒரு உருண்டை மட்டும் தங்கிவிட்டால் அவசரமில்லை. ஒத்தடத்தைத் தொடரலாம். சில வாரங்களிலும் கரையாவிட்டால், பெரும்பாலும் இமையின் உள்பக்கமாகச் சின்னதாகக் கீறி எடுத்துவிடுவார்கள், வெளியே தழும்பு தெரியாது. வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தால், அந்த இடத்து இமை முடியும் உதிர்ந்தால், மருத்துவர் ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். புற்று ஏதும் இல்லையே என்று பார்ப்பதற்குத்தான் அது, பயந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.