1 டிபி ஹார்ட் டிஸ்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்குள் குடியேற்றுவது எப்படி?

லேப்டாப் ஆமை வேகத்தில் நகர்கிறதா? புது லேப்டாப் வாங்கும் முன் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டுப் பாருங்கள். சிக்கல் என்னவென்றால் பழையது 1 டிபி, கைக்கு அடக்கமான விலையில் கிடைப்பது 480 ஜிபி. பெரியது எப்படிச் சின்னதில் அடங்கும் என்று பயந்து, பலர் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, டேலி முதல் பிரிண்டர் டிரைவர் வரை எல்லாவற்றையும் மறுபடி நிறுவுகிறார்கள். அவ்வளவு பாடு தேவையில்லை. பழைய டிஸ்கில் உள்ளதை விண்டோஸோடு அப்படியே நகலெடுக்கும் 'குளோனிங்' போதும். டிஸ்க் எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் கணக்கு

டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு 1 ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் பெருக்கிப் பெருக்கி எண்ணுவதால் அதற்கு அது சுமார் 107 கோடி. ஆகவே 480 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 447 என்றுதான் தெரியும். 1 டிபி 931 என்று தெரியும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

'திஸ் பிசி'யைத் திறந்து சி, டி இரண்டிலும் நிரம்பியிருப்பதைக் கூட்டுங்கள். 350 ஜிபிக்குள் இருந்தால் நிம்மதி. எஸ்எஸ்டிக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும். தாண்டினால் படங்கள், கல்யாண வீடியோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். டியில் உள்ளதை முழுதாக வெளியே எடுத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. சியை மட்டும் கொண்டுபோனால் போதும்.

தொடங்கும் முன் மூன்று வேலைகள்

முதல் வேலை, திரும்பக் கிடைக்காத கோப்புகளைத் தனியாக ஒரு நகல் எடுப்பது. இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் ஒருமுறை எது பழசு, எது புதுசு என்று கவனிக்காமல் வெற்று டிஸ்கைப் பழைய டிஸ்க் மேல் குளோன் செய்துவிட்டேன். சில நிமிடங்களில் ஆறு வருடப் புகைப்படங்கள் காலி.

அடுத்து, பழைய டிஸ்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் 'குட்' என்றோ 'காஷன்' என்றோ காட்டும். 'காஷன்' வந்தால் குளோனிங்கைத் தள்ளிவைத்துவிட்டு, முக்கியக் கோப்புகளை உடனே வெளியே எடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை மணிக்கணக்கில் படிக்க வைப்பது அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம்.

கடைசியாக பிட்லாக்கர், அதாவது டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. சில லேப்டாப்களில் நமக்கே தெரியாமல் இது இயங்கிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடி, ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு, பூட்டு முழுவதும் விலகும்வரை காத்திருங்கள்.

இணைப்பதும் குளோன் செய்வதும்

2.5 அங்குல எஸ்எஸ்டி என்றால் ஒரு சாட்டா-யுஎஸ்பி கேபிள் போதும். குச்சி போன்ற என்விஎம்இ வகை என்றால் அதற்கான யுஎஸ்பி பெட்டி வேண்டும். யுஎஸ்பி 3.0 துளையில் சொருகுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். நடுவில் கரன்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எந்த மென்பொருள்? எஸ்எஸ்டி நிறுவனம் தருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். குரூஷியல், டபிள்யூடி, கிங்ஸ்டன் ஆகியவை அக்ரோனிஸ் என்ற குளோனிங் மென்பொருளின் ஒரு பதிப்பைத் தங்கள் டிஸ்க் வாங்கியவர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. சாம்சங்கிற்குச் சொந்தக் கருவி உண்டு. தைவானில் உருவான குளோனசில்லா என்ற குளோனிங் மென்பொருளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சேருமிடம் சின்னதாக இருந்தால், வழக்கமான அமைப்பில் அது மறுத்துவிடும். அதைச் சமாளிப்பது புதியவர்களுக்கான வேலை அல்ல.

அக்ரோனிஸில் 'குளோன் டிஸ்க்' போய் 'மேனுவல்' முறையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் கேட்பது மூல டிஸ்க், அதாவது பழையது. அடுத்தது சேருமிடம். அளவையும் மாடல் பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டே அடுத்த பொத்தானை அழுத்துங்கள். சேருமிடத்தில் உள்ளதெல்லாம் அழியும் என்று எச்சரிக்கை வரும், நிஜமாகவே அழியும்.

இப்போது திரையில் பார்ட்டிஷன்கள் (டிஸ்கின் பிரிவுகள்) வரிசையாகத் தெரியும். சியைத் தவிர, விண்டோஸைக் கிளப்பும் இஎஃப்ஐ என்று ஒரு குட்டி, கடைசியில் விண்டோஸைப் பழுதுபார்க்க உதவும் ரிகவரி என்று இன்னொரு குட்டி. எல்லாவற்றையும் விகிதப்படி சுருக்கச் சொல்லாதீர்கள். 100 எம்பி உள்ள இஎஃப்ஐயைப் பாதியாக்கி என்ன லாபம்? குட்டிகளை அதே அளவில் விட்டுவிட்டு, சியை மட்டும் கையால் சுருக்குங்கள்.

நிரம்பியிருப்பது 180 ஜிபி என்றால், பழைய டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தாலே அரை மணி நேரம் ஆகும். பெரும்பாலும் அவ்வளவு கொடுக்காது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மாட்டுவது

முடிந்ததும் ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியை மாட்டுங்கள். முதல் தடவை பழைய டிஸ்க் இணைப்பிலேயே இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கலாம். விண்டோஸ் குழம்பி, பழையதிலிருந்தே கிளம்பக்கூடும். பூட் ஆகவில்லையா? பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு தடவை அங்கேதான் பிரச்சினை.

பெரிய டிஸ்குக்குப் போகிறவர்களுக்கு

இது சுலபம், ஒரு இடத்தைத் தவிர. குளோன் ஆன பிறகு மிச்ச இடம் டிஸ்கின் கடைசியில் வெறுமனே கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சியை நீட்டிக்கப் போனால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருக்கும். காரணம், சிக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதுதான். பார்ட்டிஷன்களை நகர்த்தும் ஜிபார்ட்டட் மென்பொருள் உள்ள பென்டிரைவிலிருந்து பூட் செய்து ரிகவரியைக் கடைசிக்கு நகர்த்தினால், சி தாராளமாக விரியும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் அது பார்ட்டிஷன் விவரங்களைப் பதிவுசெய்யும் புதிய முறையான ஜிபிடியில் இருக்க வேண்டும். பழைய எம்பிஆர் முறை அந்த அளவைத் தாண்டிப் பார்க்காது.

பழைய டிஸ்கை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மேலே தேதி எழுதி ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள்.