பன்னிரண்டு டெட்ராவும் எங்கள் வீட்டு போர் தண்ணீரும்

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில். கொளத்தூர் வண்ண மீன் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. 2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டி, கல், ஃபில்டர், நீலக்கோடும் சிவப்புப் பட்டையும் ஓடும் பன்னிரண்டு சின்ன நியான் டெட்ரா மீன்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கி வந்தேன். "இன்னிக்கே விட்டுடலாம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். புதன்கிழமைக்குள் ஒன்பது செத்து மிதந்தன. மீதி மூன்றும் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கி நின்றதைப் பார்த்து என் மகள் இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. அந்த மீன்கள் நோயில் சாகவில்லை, நான் ஊற்றிய தண்ணீரில் செத்தன. அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். கணக்குக்கு 56 லிட்டர், மணலும் கட்டையும் போக 45 வரை நிற்கும். டெட்ரா நீளவாக்கில் ஓடி விளையாடும் மீன், உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதற்குப் போக இடமில்லை. நிறைந்த தொட்டி அறுபது கிலோவைத் தாண்டும், ஆடாத மேசையாகப் பாருங்கள், அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை விரியுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழக் கூடாது.

அடியில் போடக் கறுப்பு மணல் வாங்குங்கள். வெள்ளைக் கல்லின் மேல் டெட்ரா வெளுத்துத் தெரியும், கறுப்பின் மேல் அதே மீனின் நீலக்கோடு பளிச்சென்று நிற்கும். வெள்ளைக் கல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மார்பிள் சில்லு. அதுவும் சிப்பியும் மெல்லக் கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். சந்தேகம் வந்தால் கல்லின் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம்.

அடுத்தது காத்திருப்பது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா ஆகின்றன. ஃபில்டர் பஞ்சில் வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவதை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிக் கட்டுக்குள் வைக்கலாம். இந்த பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். யாராவது நல்ல தொட்டி வைத்திருந்தால் அவர்களின் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி ஃபில்டருக்குள் வையுங்கள், காத்திருக்கும் நாளில் பாதி மிச்சம். சொட்டு மருந்து போல வரும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே கடைக்குக் கிளம்புங்கள். அப்புறம் அந்தப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் ஆறு வார உழைப்பு ஒரே நிமிடத்தில் போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து வையுங்கள்.

இனி எங்கள் போர் தண்ணீர். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1100 காட்டியது. நியானைப் போலவே இருக்கும் இன்னொரு டெட்ரா கார்டினல். அதன் ஊர் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆறு. பார்சலோஸ் என்ற ஊரே இந்த மீனைப் பிடித்து விற்றுத்தான் பெயர் பெற்றது. அந்த ஆற்றில் உப்பு கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் அளவுக்குத்தான், நிறம் மட்டும் இலை ஊறி ஊறித் தேநீர் போல. பண்ணையில் வளர்ந்த மீன் கொஞ்சம் உப்பைத் தாங்கும், ஆனால் 1100 கொடுமை. நான் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கும் போர் தண்ணீர் ஒரு பங்கும் கலக்கிறேன், 300 பக்கம் வந்து நிற்கிறது. வெறும் ஆர்.ஓ. ஊற்றாதீர்கள், பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) நிலைக்காமல் சரியும். ஐப்பசி கார்த்திகையில் மொட்டை மாடி மழைத்தண்ணீர்தான். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடி கழுவிய பின் வருவதைப் பிடித்துத் துணி கட்டி வைப்பேன். அதையும் இதே கணக்கில்தான் கலப்பேன். குளோரின் கலந்து வரும் மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு விட மறக்காதீர்கள்.

அந்தத் தேநீர் நிறத்துக்கு நம் தெருவிலேயே வழி இருக்கிறது. நாட்டு வாதுமை, நாங்கள் பாதாம் மரம் என்போம். தானாக விழுந்து காய்ந்த பழுப்பு இலையாக ஒன்று பொறுக்கிக் கழுவிப் போட்டால் போதும். இரண்டு நாளில் தண்ணீர் லேசாகப் பழுப்பேறும், மீன்களின் மிரட்சி குறையும். பச்சை இலை வேண்டாம், மருந்தடித்த மரமும் வேண்டாம்.

எந்த மீன் என்பதை நம் வெயில்தான் முடிவு செய்ய வேண்டும். நியானுக்கு 26 டிகிரி தாண்டினால் சிரமம். கார்டினல் 28, 29 வரை நன்றாகவே இருக்கும். சென்னையில் மே மாத மதியம் என் தொட்டி 32 தொடும். அதனால் சமவெளிக்காரர்களுக்கு என் சிபாரிசு கார்டினல்தான், நியான் ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு. இரண்டையும் பிரித்தறிவது சுலபம்: நியானுக்குச் சிவப்புப் பட்டை நடு உடம்பில் தொடங்கும், கார்டினலுக்குச் செவுளிலிருந்து வால்வரை ஓடும். கோடையில் மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வற்றும், அதை ஆர்.ஓ. கொண்டே நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்குகிறது.

பத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். இது கூட்ட மீன். மூன்று நான்கு விட்டால் பயந்து செடிக்குள் ஒளிந்துகொண்டு நிறம் இழக்கும். கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "அண்ணா, கொஞ்சம் தீனி போடுங்க" என்று கேளுங்கள். ஓடி வந்து சாப்பிடும் கூட்டம் நல்ல கூட்டம். நீலக்கோடு நடுவில் அறுந்து வெளுத்த திட்டு, வளைந்த முதுகு, தனியே தத்தளிக்கும் ஒரு மீன் என்று எதைக் கண்டாலும் அந்தத் தொட்டியிலிருந்து ஒன்றுகூட வாங்க வேண்டாம். அது நியான் டெட்ரா நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து இல்லை. ரோஸ், ஊதா என்று மிட்டாய் நிறத்தில் விற்கும் கலர் விடோ டெட்ரா பலவும் சாயம் ஏற்றியவை. அந்த மீன் பட்ட வதையை நினைத்தால் எனக்கு வாங்க மனம் வருவதில்லை, சாயமும் சில மாதத்தில் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். பிறகு மீனோடு அந்தத் தண்ணீரை ஒரு சின்ன வாளியில் ஊற்றி, வாளியைத் தரையில் வையுங்கள். ஏர் டியூபின் ஒரு முனை தொட்டிக்குள், மறுமுனை வாளிக்கு மேல். நடுவில் தளர்வாக ஒரு முடிச்சு. வாயால் லேசாக இழுத்ததும் தண்ணீர் வரும், முடிச்சை இறுக்கி நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக்குங்கள். வாளியில் தண்ணீர் மூன்று மடங்காக ஒரு மணி நேரம் ஆகும். முதலில் அடியில் அப்பிக் கிடந்த மீன்கள் அரை மணியில் எழுந்து சேர்ந்து நீந்தத் தொடங்கும். வலையில் அள்ளி மீனை மட்டும் விடுங்கள், கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

மறுநாள் காலை விளக்கைப் போட்டதும் திடுக்கிடுவீர்கள். மீன்கள் சாம்பல் பூத்து, கோடே இல்லாதது போல் நிற்கும். என் மகள் "அம்மா, கலர் போயிடுச்சு" என்று ஓடி வந்தாள். இருட்டில் அவை நிறத்தை அடக்கிக்கொள்கின்றன. சில நிமிடம் பாருங்கள்: கோடு முதலில் ஊதாவாகி, பிறகு நீலமாகி, கடைசியில் சிவப்பும் ஏறும்.

தீனி நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. வாய் சிறியது, ஃப்ளேக்கை விரலிடையே பொடித்துப் போடுங்கள். விளக்கு எட்டு மணி நேரம் போதும். வாரம் பத்து லிட்டர் மாற்றுங்கள். ஏஞ்சல் மீனைக் கூட்டு வைக்காதீர்கள், வளர்ந்ததும் டெட்ராவை விழுங்கிவிடும். அடியில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸ் நல்ல துணை. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்து பாதி அளவே போடுங்கள், டெட்ரா முழு அளவைத் தாங்காது.

தீனி போடும்போது மட்டும் எல்லாம் மேலே கூடும், அப்போது எண்ணிவிடுங்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று என்றால் உடனே செடிக்கு அடியிலும் ஃபில்டருக்குப் பின்னாலும் தேடுங்கள். செத்த மீன் ஒன்று அழுகினால் இந்தச் சின்னத் தொட்டியில் அம்மோனியா ஏறிவிடும். எங்கள் வீட்டில் காலையில் எண்ணுவது என் மகளின் வேலை.