தடுக்கியதும் முதலுக்கு ஓடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சேலம் அஸ்தம்பட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் கூடும் மாடி அறையில், பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் பேச எழுந்தான். வெள்ளிக் கொலுசுத் தொழிலைப் பற்றிய பேச்சு. வீட்டிலேயே பட்டறை உள்ள பிள்ளை. விஷயம் விரல் நுனியில் இருக்கிறது. இரண்டரை நிமிடம் நன்றாகத்தான் போனது. "கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர்" என்று வந்தவனுக்கு அடுத்த சொல் வரவில்லை. மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "மன்னிக்கவும், முதலிலிருந்து சொல்கிறேன்" என்றான். "அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று மறுபடியும் ஆரம்பித்தான். அதே இடத்தில் மறுபடியும் நின்றான்.

இந்த மாதத்தில் இப்படி நின்ற மூன்றாவது ஆள் அவன். ஞாயிறுதோறும் இந்த அறையில் பேச்சுப் பயிற்சி நடத்தத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் அச்சுப் பிசகாமல் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

கால் நடுங்குவது, தரையைப் பார்த்துப் பேசுவது, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பது ஆகியவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. தவறாமல் வந்து எழுந்து பேசினால் அவை சில மாதங்களில் தாமாகவே விலகிவிடும். பயிற்சி செய்யச் செய்ய வேரூன்றிப் போகும் தவறுகள் சில உண்டு. எனக்குக் கவலை அவற்றைப் பற்றித்தான்.

தடுக்கியதும் முதலுக்குத் திரும்புவது

இந்தப் பழக்கம் வீட்டில்தான் பிறக்கிறது. கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பியின் கைபேசியை வாங்கிக் கேட்டேன். ஒத்திகைகளைப் பதிவு செய்து வைத்திருந்தான். மொத்தம் 14 பதிவுகள். பதினான்கும் வணக்கத்தில் தொடங்கின. "நன்றி" வரை போனவை இரண்டே இரண்டு. மற்ற 12 பதிவுகளும், எங்கோ ஒரு சொல் பிசகியவுடன் "சே" என்ற சத்தத்தோடு அறுந்திருந்தன.

கணக்குப் பாருங்கள். வணக்கத்துக்கு 14 முறை பயிற்சி, முடிவுரைக்கு 2 முறை. கேட்பவர் மனத்தில் தங்க வேண்டிய பகுதிதான் அவனுக்குப் பழக்கம் குறைந்த பகுதி. இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. பிசகிய பின் மீண்டு வருவதை அவன் ஒருமுறைகூடப் பழகவில்லை. பிசகினால் நிறுத்து, முதலுக்குப் போ என்று 12 முறை நாக்குக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான். மேடையில் நாக்கு கற்றதைச் செய்தது.

மனப்பாடம் இதற்கு உடந்தை. பள்ளியில் செய்யுளின் நடுவரியைக் கேட்டால், முதல் அடியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த வரியைப் பிடிப்போமே, அந்தக் கதைதான். முழுப் பேச்சையும் உருப்போட்டவருக்கு உள்ளே நுழைய ஒரே வாசல்தான் இருக்கிறது.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. 2002ஆம் ஆண்டு, அப்போது எனக்கு 22 வயது. அம்மாபேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் பாதிக்கு மேல் தறி வீடுகள். குழித்தறியில் நெசவாளர் காலை இறக்கி மிதிப்பதற்காகத் தரையில் பள்ளம் தோண்டியிருக்கும். தெருச் சாக்கடை மண்மேவிப் போயிருந்ததால், மழை வலுத்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து அந்தக் குழியில் இறங்கிவிடும். ஒரு குறைகேட்புக் கூட்டத்தில் தெருவுக்காகப் பேச என்னை அனுப்பினார்கள். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்று என் மேல் அவர்களுக்கு நம்பிக்கை. கொடுத்த நேரம் 4 நிமிடம். நான் மூன்று பக்கம் எழுதி உருப்போட்டிருந்தேன். நெசவின் பெருமையில் தொடங்கி, பெரியவர்களின் உழைப்பைச் சொல்லி, கோரிக்கையைக் கடைசிப் பத்தியில் வைத்திருந்தேன். மழைக்கு முன்னால் சாக்கடையைத் தூர்வார வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இரண்டாம் பத்தியில் ஒரு சொல் நழுவியது. முதலுக்குப் போனேன். மறுபடியும் நழுவியது. மணி அடித்தார்கள். அடுத்த தெருக்காரர் மைக்கை வாங்கிக்கொண்டார். தூர்வார வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

அந்த ஐப்பசியில் எதிர்வீட்டு அக்காவின் தறிக்குழி நிரம்பி, பாவு வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது. சாயம் இறங்கிய பட்டு இழைகளை அவர் விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பேசியிருந்தால் தூர்வாரியிருப்பார்களா என்பது வேறு விஷயம். பேச அனுப்பப்பட்டவன் பேசவில்லை. யாராவது "முதலிலிருந்து சொல்கிறேன்" என்றால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

உங்கள் தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. விட்டுப்போன வாக்கியத்தை அவர் தேடப்போவதில்லை. ஆகவே இப்படிச் செய்யுங்கள். பேச்சை ஐந்தாறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்கு ஒரு குறிப்புச் சொல் என்று உள்ளங்கை அளவு அட்டையில் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். முதல் நாள் கடைசிக் கட்டத்தை மட்டும் பேசுங்கள். மறுநாள் அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து முடிவு வரை. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பிறகு வீட்டில் யாரிடமாவது அட்டையைக் கொடுத்து ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்திலிருந்து உடனே தொடங்குங்கள். தடுக்கினால் வாயை மூடி ஒரு மூச்சு விட்டு, தெரிந்த அடுத்த செய்திக்குப் போங்கள். ஒத்திகை எவ்வளவு மோசமாகப் போனாலும் நன்றி வரை போகாமல் நிறுத்தாதீர்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் சகோதரி ஒருவர் எங்கள் அறைக்கு வருகிறார். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் பலகை; மேலிருந்து இறங்கினால் எண் குறைந்துகொண்டே வரும். பேச்சை ஐந்து கட்டமாக்கி, கட்டத்துக்கு நான்கு வளைவு என்று அவர் ஒதுக்கிக்கொண்டார். பஸ் மலையிறங்கும்போது கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வண்டி திரும்பும்போது கண்ணைத் திறந்து பலகையைப் பார்ப்பார். 13 என்று இருந்தால் இரண்டாம் கட்டம், 6 என்று இருந்தால் நான்காம் கட்டம். உடனே முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். அடிவாரம் தாண்டி மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் பழைய நுழைவாயில் கண்ணில் படுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கெடு. ஒரு பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. சில நிமிடங்கள் கழித்து விளக்கு வந்தது. விட்ட வாக்கியத்தின் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்.

மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது

தாளைக் கண்ணால் மூன்று முறை ஓட்டிவிட்டு "தயார்" என்கிறார்கள். கண்ணுக்கு மூச்சு வாங்காது, வாய்க்கு வாங்கும். தமிழில் இது இன்னும் ஆபத்து. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. கொடுத்தார்களா, கொடுக்கவில்லையா என்பதே கடைசி எழுத்துகளில்தான் தெரியும். "வந்து, பார்த்து, விசாரித்து, ஆராய்ந்து" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், முற்று வரும்போது மூச்சு தீர்ந்து குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும். பின்வரிசையில் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும், என்ன நடந்தது என்பது மட்டும் கேட்காது.

சத்தமாகப் பேசிப் பாருங்கள். ஒரே மூச்சில் அடங்காத வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

மேடைக்குப் போனபின் நேரத்தை நினைப்பது

நம் ஊர்க் கூட்டங்களில் நேரம் முடிந்ததென்று சொல்லும் வேலையைத் துண்டுச் சீட்டு செய்கிறது. அமைப்பாளர் தயங்கித் தயங்கி அதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். அது வரும்போது முக்கியமான செய்தி இன்னும் மிச்சமிருக்கும். ரால்ஃப் ஸ்மெட்லி 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். வழக்கமான பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. எங்கள் அறையில் விளக்குக்குப் பதிலாக மூன்று வண்ண அட்டைகள். கணக்கு அதே கணக்கு. நான் பேசும் வேகத்தில் 5 நிமிடத்துக்கு 500 சொற்களுக்கு மேல் கொள்ளாது. உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். கோரிக்கை இருந்தால் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்; முடிவில் இன்னொரு முறை சொல்லலாம்.

பெயர் சொல்லி விளிப்பதிலேயே இரண்டு நிமிடம்

தலைவர் ஒருவர் பெயர் போதும்.

மைக்கைத் தட்டுவது, ஊதுவது

வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு வாக்கியம் பேசுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்பட்டும். அதன் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பொத்தினாலும், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் மைக் ஊளையிடும். பெட்டியிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து சுற்றுவதுதான் காரணம். சீக்கிரம் போய் இதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் குரலில் பேசுவது

சேலம் பேச்சில் ஊறிய ஊர். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு இங்கேதான் நடந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு மு. கருணாநிதி வசனம் எழுதியதும் இதே ஊரில்தான். அந்த அடுக்குமொழி கேட்டு வளர்ந்த வீடுகளின் பிள்ளைகள் நாங்கள். எனக்கு அதன்மேல் பெரும் மரியாதை உண்டு. ஆனால் இரத்த தானத்துக்கு அழைக்க வந்த பெண், அந்தக் காலக் குரல் ஏற்ற இறக்கத்தோடு எதுகை தேடிக்கொண்டு நிற்கும்போது, அவர் சொல்ல வந்தது அதன் அடியில் அமுங்கிவிடுகிறது. அந்தக் காலப் பேச்சாளர்கள் அந்த நடையைத் தங்கள் செய்திக்காகத் தாங்களே வார்த்துக்கொண்டார்கள். நீங்கள் உங்கள் அண்ணனிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லும்போது என்ன குரல் வருகிறதோ, அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் எழுவது

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம். அவையஞ்சாமை அதற்கு அடுத்ததுதான்.

போட்டி வாரத்தில் மட்டும் பழகுவது

வாரம் ஒரு முறை, ஆண்டு முழுக்க.

"நன்றாக இருந்தது" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவது

அது மரியாதைக்குச் சொல்வது. எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்தச் சொல் காதில் விழவில்லை என்று பெயர் சொல்லி ஒருவரைக் கேளுங்கள். ஒரே ஒரு குறையை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அந்தத் தம்பி இரண்டாம் முறை நின்றபோது நான் அவனை உட்கார விடவில்லை.

"கடைசியாக என்ன சொன்னாய், தம்பி?"

"பற்றவைப்பவர் ஒருவர்."

"உங்கள் வீட்டில் பற்றவைப்பது யார்?"

"அம்மா, சார்."

"அங்கிருந்து பேசு."

கொஞ்ச நேரம் நின்றான். மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்த விரல் நின்றது. அம்மா விளக்குச் சுடரை வாயால் ஊதி வளைப்பதையும், சுடர் எந்த நிறத்துக்கு வந்தால் வெள்ளி பிடிக்கும் என்பதை அவர் கண்ணாலேயே தெரிந்துகொள்வதையும், நெருப்புப் பட்ட வடு ஆள்காட்டி விரலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சொன்னான். தாளில் இல்லாத பேச்சு. சிவப்பு அட்டை உயர்ந்தபோது அவன் சலங்கை கோப்பவர்கள் வரைக்கும் வந்திருக்கவில்லை. வருகிற ஞாயிறு அங்கிருந்தே தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.