ரயில் பங்கு வாங்க ஆசையா? மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து தொடங்குபவர்களுக்கு

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உதயதேவியிலோ புலதிசியிலோ நீங்கள் ஒரு ரூபாய்கூட முதலிட முடியாது. இலங்கைப் புகையிரத சேவை அரசாங்கத் திணைக்களம். 1864இல் கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடிய காலம் தொட்டு அது அரசின் கையில்தான் இருக்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினாலும் ரயில் ஓட்டும் கொம்பனி ஒன்றும் அகப்படாது. அம்பாறைக்காரருக்கு இன்னும் மோசம்: பங்கு கிடக்கட்டும், தண்டவாளமே இல்லை. மட்டக்களப்புக்கு வந்துதான் ஏற வேண்டும்.

ஆனாலும் இந்திய ரயில் பங்குகளைப் பற்றிய தமிழ் வீடியோக்கள் யூடியூபில் குவிந்து கிடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு "ரயில்வே ஷெயார் எடுக்கலாமா?" என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். எடுக்கலாம். ஆனால் அது உங்களுடைய முதல் பங்காக இருக்கக்கூடாது. மற்றதெல்லாம் அமைந்த பிறகு கடைசியாகச் சேர்க்கிற சிறு துண்டாக இருக்கட்டும். அதற்கான வரிசை இதுதான்.

படி 1: இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள்

வீடு, வளவு, வயல், நகை, நிலையான வைப்பு, சீட்டு, கொடுக்க வேண்டிய கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான தாள்கள் ஒரே மாதிரித்தான் இருக்கும்: பாதிக்கு மேல் காணி, மிச்சம் தங்கம், கொஞ்சம் வங்கியில். எல்லாம் ஒரே நாட்டில், ஒரே ரூபாயில், பல வேளைகளில் ஒரே கடற்கரையில். அதனால் என்ன வரும் என்று 2004 டிசம்பரைக் கண்ட கல்லடி, நாவலடி, மருதமுனை ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2022இல் வேறு விதமான அடி விழுந்தது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. வங்கியில் வைப்பு அப்படியே இருந்தது, அதைக் கொண்டு வாங்கக்கூடிய சாமான்தான் குறைந்தது.

தாளில் நுண்கடனோ அடகு வட்டியோ இருந்தால் இங்கேயே நில்லுங்கள். அந்த வட்டியை நிச்சயமாக மிஞ்சும் பங்கு உலகத்தில் எங்கும் கிடையாது. முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். பிறகு ஆறு மாதச் செலவுக்கான காசை உடனே எடுக்கக்கூடிய சேமிப்பில் ஒதுக்கி வையுங்கள். 2022 ஏப்ரல் 18ஆம் திகதி தொடங்கி ஐந்து வர்த்தக நாட்கள் கொழும்புச் சந்தையை மூடியே வைத்திருந்தார்கள். அந்தக் கிழமையில் ஆஸ்பத்திரிக்குக் காசு தேவைப்பட்டவர் பங்கை விற்றிருக்க முடியாது.

படி 2: கணக்குத் திறவுங்கள்

இதற்காகக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கொழும்புப் பங்குச் சந்தையின் கைபேசிச் செயலியிலேயே கணக்குத் திறக்கலாம். தேசிய அடையாள அட்டை, வதிவிடத்துக்கு ஒரு சான்று, உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருந்தால் போதும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று முதலே பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைப்பதால் இங்கேதான் அலைச்சல் வரும். ஒரு பங்குத் தரகரைத் தெரிவு செய்ய வேண்டும். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்குகள் தரகரிடம் இருப்பதில்லை, சீடீஎஸ் எனப்படும் மத்திய வைப்பகத்தில் உங்கள் பெயரில் இருக்கும்.

செலவு எவ்வளவு? தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், அரச வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது மீண்டும் 1.12 வீதம். 50,000 ரூபாய்க்கு வாங்கினால் 560 ரூபாய் போகும். போக வரக் கணக்குப் பார்த்தால் விலை ஏறத்தாழ 2.3 வீதம் ஏறிய பிறகுதான் உங்களுக்கு முதல் சதமே மிஞ்சும். கிழமைக்கு ஒருமுறை வாங்கி விற்பவரிடம் தரகர் ஏன் அவ்வளவு அன்பாகப் பேசுகிறார் என்று இப்போது விளங்கும்.

படி 3: அகலமான அடித்தளம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சுவாரசியம் குறைவு, ஆனால் பலன் கூட. திறைசேரி உண்டியல் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்), யூனிட் டிரஸ்ட் (பலருடைய காசைச் சேர்த்து முதலிடும் நிதியம்), வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த சில பெரிய கொம்பனிகள் என்று பரப்புங்கள். மாதாமாதம் ஒரு தொகையைப் போட்டு வந்தால் "இப்போது விலை கூடவா குறைவா" என்ற தலையிடி பாதி குறையும். பங்கிலாபம், அதாவது கொம்பனி தன் இலாபத்தில் பங்காளருக்குக் கொடுக்கும் காசு, வரும்போது 15 வீத வரி கழித்துத்தான் கைக்கு வரும், கணக்கில் குறைகிறதே என்று பதற வேண்டாம்.

சரக்குப் போக்குவரத்தில் இங்கேயே ஒரு கால் வைக்க விரும்பினால் துறைமுகப் பக்கம் பாருங்கள். கொழும்பு மேற்கு சர்வதேச முனையத்தில் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸுக்கு 34 வீதம் உண்டு. ஹேலிஸ், எய்ட்கன் ஸ்பென்ஸ் இரண்டிலும் கப்பல் மற்றும் சரக்குக் கையாளல் பிரிவுகள் இருக்கின்றன. வாங்கச் சொல்லவில்லை. இவை ஹோட்டல், தேயிலை என்று பல தொழில் கலந்த குழுமங்கள் என்பதையும் கவனியுங்கள்.

படி 4: ரயில் கொம்பனிகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

"ரயில் பங்கு" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு வியாபாரங்கள். எந்தக் கொம்பனியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: தண்டவாளம் யாருடையது? கட்டணத்தைத் தீர்மானிப்பது யார்?

வட அமெரிக்காவில் விடை தெளிவானது. தண்டவாளம் கொம்பனியின் சொந்தம், ஓடுவது பெரும்பாலும் சரக்கு, விலையைப் பெருமளவுக்குக் கொம்பனியே பேசிக்கொள்கிறது. பெரிய கொம்பனிகள் ஆறுதான். கனடியன் பசிபிக்கும் கன்சாஸ் சிட்டி சதர்னும் 2023இல் ஒன்றானதால் ஏழு ஆறாகியது. இன்னொருவர் புதிதாக ஆயிரக்கணக்கான மைல் பாதை போட்டுப் போட்டிக்கு வருவது நடக்காத காரியம். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பேர்க்சயர் ஹாத்வே 2010இல் பிஎன்எஸ்எப் ரயில் கொம்பனியை முழுதாக வாங்கியதற்கு இது ஒரு முக்கிய காரணம். அதனால் பிஎன்எஸ்எப் பங்கு சந்தையில் கிடைக்காது. யூனியன் பசிபிக், சிஎஸ்எக்ஸ், கனடியன் நேஷனல் போன்றவை கிடைக்கும். ஆபத்தும் உண்டு. நிலக்கரி ஏற்றுவது இவர்களுக்குப் பெரிய வருமானமாக இருந்தது, அது பல ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. 2023 பெப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தில் ரசாயனம் ஏற்றிச் சென்ற நோர்ஃபோக் சதர்ன் வண்டி தடம்புரண்டதில் அந்தக் கொம்பனிக்குப் பெரும் செலவு வந்து சேர்ந்தது.

ஜப்பான் வேறு மாதிரி. 1987இல் அரச ரயிலைப் பிரித்துத் தனியாராக்கினார்கள். அப்படிப் பிரிந்தவற்றில் ஒன்றான ஜேஆர் ஈஸ்ட் பயணிகளை ஏற்றுகிறது, கூடவே நிலையங்களைச் சுற்றிக் கடை, ஹோட்டல், கட்டடம் என்றும் சம்பாதிக்கிறது. ஹொங்கொங்கின் எம்டிஆர் இதில் இன்னும் கெட்டிக்காரர்: ரயில் போடுகிற இடத்தில் வீடு கட்டி விற்கும். ஆட்கள் நடமாடாவிட்டால் எல்லாம் சேர்ந்து படுக்கும். கொரோனா ஆண்டில், அதாவது 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டில், ஜேஆர் ஈஸ்ட் தனியாரான பிறகு முதல் தடவையாக நட்டம் காட்டியது. அதே காலத்தில் அமெரிக்கச் சரக்கு ரயில்கள் இலாபத்தில்தான் ஓடின.

இனி இந்தியா, நம் ஆட்கள் அதிகம் கேட்பது. இந்திய ரயில்வே இங்கே போலவே அரசுடையது, பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவை அதைச் சுற்றியுள்ள கொம்பனிகள். டிக்கட்டும் சாப்பாடும் ஐஆர்சிடிசி. பெட்டியும் எஞ்சினும் வாங்கக் கடன் திரட்டிக் கொடுப்பது ஐஆர்எப்சி. பாதை போடுவது ஆர்விஎன்எல், இர்கோன். ஆலோசனையும் ஏற்றுமதியும் ரைட்ஸ். இவற்றில் இரண்டை நீங்கள் தெரியாமலே பார்த்திருப்பீர்கள். யாழ்தேவி 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் போன வடக்குப் பாதையைப் போட்டது இர்கோன். நம் நாட்டுக்கு ரயில் எஞ்சின்கள் அனுப்பியது ரைட்ஸ்.

இந்த ஐந்தையும் வாங்கிவிட்டுப் பணத்தைப் பரப்பிவிட்டதாக நினைக்கிறார்கள். சேனாநாயக்க சமுத்திரத்தில் இருந்து வரும் ஒரே வாய்க்காலில் ஐந்து வயல் வைத்திருப்பது போலத்தான் அது. ஐந்துக்கும் பெரும்பங்கு முதலாளி இந்திய அரசு, ஐந்தின் வியாபாரமும் பெரும்பாலும் தங்கியிருப்பது அதே ரயில்வேயில். பெப்ரவரி முதலாம் திகதி மத்திய பட்ஜெட் வரும்போது ஐந்தும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

முதலாளி அரசாங்கமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐஆர்சிடிசியே உதாரணம். 2019இல் 320 இந்திய ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு, முதல் நாளே இரட்டிப்பு விலைக்கு மேல் போனது. 2021 ஒக்டோபர் இறுதியில், இணையவழி டிக்கட்டில் அந்தக் கொம்பனி வாங்கும் வசதிக் கட்டணத்தில் பாதியைத் தனக்குத் தர வேண்டும் என்று ரயில்வே அமைச்சு அறிவித்தது. மறுநாள் காலையில் விலை கால்வாசிக்கு மேல் விழுந்தது. அன்றே முடிவைத் திரும்பப் பெற்றார்கள், விலையும் திரும்ப ஏறியது. காலையில் பயந்து விற்றவருக்கு மட்டும் எதுவும் திரும்பவில்லை. கொம்பனியின் வியாபாரத்தில் அன்று ஒரு குறையும் இல்லை என்பதையும் பாருங்கள்.

தண்டவாளம் சொந்தமாக இருந்தால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டனின் தண்டவாளம் ஏறத்தாழ முழுவதையும் வைத்திருந்த ரெயில்ட்ராக் 1996இல் சந்தைக்கு வந்தது. 2000 ஒக்டோபரில் ஹட்ஃபீல்டில் வெடிப்பு விழுந்திருந்த தண்டவாளம் உடைந்து விபத்து நடந்தது, நான்கு பேர் இறந்தார்கள். நாடு முழுக்கப் பழுது பார்க்கப் போய்ச் செலவு கட்டுக்கடங்காமல் ஏறி, அடுத்த ஒக்டோபரில் கொம்பனி நொடித்து, நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டது.

படி 5: ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டியவை

எல்லாப் பக்கமும் வாசிக்க வேண்டாம். சரக்கு ரயில் என்றால் இயக்கச் செலவு விகிதத்தைத் தேடுங்கள். நூறு ரூபாய் வருமானம் எடுக்க எத்தனை ரூபாய் செலவு என்பதுதான் அது. நல்ல அமெரிக்கக் கொம்பனிகள் 60ஐ ஒட்டி நிற்கும். அது ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் ஏன் என்று கேளுங்கள். மிகவும் கீழே இறங்கினாலும் கேளுங்கள்: ஆட்களையும் பராமரிப்பையும் வெட்டித்தான் இறக்கினார்களா? கட்டுமானக் கொம்பனி என்றால் கையில் உள்ள ஒப்பந்தங்கள் மட்டும் போதாது, வேலை முடித்தும் வராத காசு எவ்வளவு என்று பாருங்கள்.

வட்டியைத் தவிர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை நண்பர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். ஐஆர்எப்சியின் தொழிலே கடன் திரட்டி நிதி கொடுப்பது, ஆகவே பெயரில் ரயில் இருந்தாலும் அது ஒரு நிதிக் கொம்பனி. வேறு சில ரயில் கொம்பனிகளிலும் கடன் அளவு பெரிதாக இருக்கும். ஷரீஆ அளவுகோலோடு ஒத்துப்போகிறதா என்று அறிந்தவரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள்.

படி 6: இங்கிருந்து வாங்கும் வழி

இலங்கையில் வசிப்பவர் நினைத்தவுடன் வெளிநாட்டுப் பங்கு வாங்க முடியாது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, அதற்கென்று அனுமதி பெற்ற வங்கியில் தனி முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியாகத்தான் காசு போக வேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பை அரசு அவ்வப்போது மாற்றும். உங்கள் வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வங்கி அட்டையில் காசு போட்டு வெளிநாட்டுச் செயலியில் பங்கு வாங்குவது, உண்டியல் வழியாக அனுப்புவது, இரண்டும் வேண்டாம். "தினமும் மூன்று வீதம்" என்று வாட்ஸ்அப் குழுவில் வருவதும் முதலீடே இல்லை. ஆள் சேர்த்தால் காசு என்கிற திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் மற்றவரைச் சேர்ப்பதும் வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின் கீழ் குற்றம்.

அதிகம் நடப்பது வேறொன்று. "மாமா, பெயர் என்ட, காசு உங்கட, நான் இங்க எடுத்து விடுறன்" என்று டொரன்டோவில் இருந்து மருமகன் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் பெயர் அவருடையது என்றால் சட்டப்படி பங்கும் அவருடையது. வரி அவர் தலையில், கடன்காரர் வந்தால் அவர் சொத்தில், அவருக்கு ஏதும் ஆனால் அவருடைய மனைவி பிள்ளைகளுக்கு. காசு இங்கிருந்து போன வழியும் சட்டப்படி இருக்க வேண்டும். அவர் தன் காசில் தனக்கென்று கனடியன் நேஷனல் வாங்கட்டும், உங்கள் காசு உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும்.

படி 7: எவ்வளவு, எப்போது விற்பது

பங்குகளுக்கென ஒதுக்கிய தொகையில் ஐந்து வீதத்துக்கு மேல் ரயிலுக்குப் போகக்கூடாது என்பது என் கணக்கு. பத்து இலட்சம் இருந்தால் ஐம்பதாயிரம். அந்த ஐம்பதாயிரத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கிக் கட்டணமும் நாணய மாற்றும் அதிகம் தின்னும் என்றால், தொகை பெருகும்வரை ரயிலை விட்டுவிடுங்கள், குறை ஒன்றும் இல்லை.

வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். சித்திரைக்கு முன் ஒரு நாளைக் குறித்து வைப்பது வசதி. உதாரணமாக ரயில் பகுதி 90,000 ஆகி, மற்றவை 10,10,000 ஆகியிருந்தால் மொத்தம் 11 இலட்சம். அதில் ஐந்து வீதம் 55,000. மிச்சமான 35,000ஐ விற்று மற்றப் பக்கம் போடுங்கள். விலை விழுந்திருந்தால் படி 4இன் இரண்டு கேள்விகளையும் மறுபடி கேளுங்கள். விடை மாறவில்லை என்றால் விற்க அவசரம் இல்லை. கட்டணத்தைத் தீர்மானிக்கும் கை மாறிவிட்டது என்றால், அதாவது ஒரு அமைச்சோ ஒழுங்குபடுத்தும் சபையோ கொம்பனியின் வருமானத்தில் நிரந்தரமாகக் கை வைத்துவிட்டது என்றால், வாங்கிய விலையை மறந்துவிட்டு வெளியே வாருங்கள்.