மேலாளரை அனுப்புவதா, பொறுப்பதா: கால்பந்து ரசிகர்கள் இதை வாதிடும் முறை

ஒரு கிளப் தொடர்ந்து ஐந்து போட்டிகளில் தோற்றுவிட்டால், அதன் ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி மேலாளரை, அதாவது அணிக்குப் பயிற்சி தந்து ஆட்டத்தை நடத்துபவரை, நாளைக்கே அனுப்பச் சொல்கிறது. மற்றது அவகாசம் கேட்கிறது. சற்று நின்று கவனித்தால் இருவரும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை என்பது விளங்கும்: முதலாமவர் புள்ளிப்பட்டியலைப் பேசுகிறார், இரண்டாமவர் தம் மனத்திலுள்ள எதிர்காலத்தைப் பேசுகிறார். இப்படிப்பட்ட வாதத்தை எந்த வரிசையில் நடத்தினால் உருப்படியான முடிவுக்கு வரலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறுத்துப் பார்க்கும் கட்சிதான் நான். அந்தக் கட்சியில் இருந்துகொண்டு தவறிய அனுபவமும் உண்டு.

முதல் வேலை அளவுகோல்

"மோசமாக ஆடுகிறது" என்று சொன்னால் எதனோடு ஒப்பிட்டு மோசம் என்று கேட்க வேண்டும். கடந்த ஆண்டின் இடம், ரசிகர்களின் ஆசை, உரிமையாளரின் அறிவிப்பு ஆகிய மூன்றுமே நம்பத்தக்க அளவுகோல்கள் அல்ல. நீண்ட கால அளவில் ஒரு கிளப் லீகில் எங்கே முடிக்கும் என்பதை மற்ற எதையும்விட நெருக்கமாகக் காட்டுவது அது வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளம். ஆகவே சம்பளத்தில் உங்கள் கிளப் எத்தனையாவது இடம், பட்டியலில் எத்தனையாவது இடம் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பன்னிரண்டாவதாக இருக்கும் கிளப் பதின்மூன்றாவது இடத்தில் நிற்பது வருத்தமாக இருக்கலாம், ஆனால் அது மேலாளரின் தோல்வி ஆகாது. நான்காவதாக இருக்கும் கிளப் பதின்மூன்றாவதில் நின்றால் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

கடந்த ஆண்டின் அதிசயத்தை அளவுகோலாக்குவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. கிளாடியோ ரனியேரியின் லெஸ்டர் சிட்டி 2015-16 பருவத்தில் 81 புள்ளிகளோடு இங்கிலாந்தின் பிரீமியர் லீகை வென்றது. 2017 பிப்ரவரியில் தரமிறக்க எல்லைக்கு (அதற்குக் கீழே முடிக்கும் அணிகள் அடுத்த நிலை லீகுக்கு இறக்கப்படும்) ஒரே ஒரு புள்ளி மேலே நின்றபோது அவர் நீக்கப்பட்டார். அப்போது எழுந்த கோபத்தில் பாதி நன்றியுணர்ச்சி, மீதிப் பாதி "சாம்பியன் இப்படியா ஆடும்" என்ற கேள்வி. அந்த இரண்டையும் விலக்கிவிட்டு, அந்த அணி இயல்பாக இருக்க வேண்டிய இடம் நடுப்பட்டியல் என்று ஒப்புக்கொண்டவர்களால் மட்டுமே நிதானமாகப் பேச முடிந்தது. மீதிப் பருவத்தைக் கிரெய்க் ஷேக்ஸ்பியர் நடத்தினார். அணி 12ஆம் இடத்தில் முடித்தது.

முடிவு வேறு, ஆட்டம் வேறு

கால்பந்தில் கோல்கள் மிகக் குறைவாக விழுவதால் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். கம்பத்தில் பட்டுத் திரும்பிய இரண்டு பந்துகளும் ஒரு தவறான பெனால்டியும் ஒரு மாதத்தின் கதையையே மாற்றிவிடும். எக்ஸ்ஜி என்று இப்போது எல்லோரும் சொல்லும் எதிர்பார்ப்பு கோல் கணக்கு இதற்காக வந்ததுதான். ஒரு வாய்ப்பு எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், எப்படிக் கிடைத்தது என்பதை வைத்து அது கோலாகும் சாத்தியத்தை அந்தக் கணக்கு சொல்கிறது. ஒரு பெனால்டிக்கு அது ஏறக்குறைய 0.76 முதல் 0.79 வரை வரும். ஒரே ஒரு போட்டியின் எக்ஸ்ஜியை எடுத்து வாதிடுபவரைப் பொருட்படுத்தாதீர்கள். பத்துப் பன்னிரண்டு போட்டிகளின் கூட்டலைப் பாருங்கள். அணி உருவாக்கும் வாய்ப்புகள் எதிரணிகளுக்குக் கொடுப்பவற்றைவிட அதிகமாக இருந்தும் தோற்றுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் காலமே அதைச் சரிசெய்யும். வாய்ப்புகளின் எண்ணிக்கையும் சேர்ந்து சரிந்திருந்தால் அதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு நல்ல சான்று யூர்கன் கிளாப்பின் கடைசிப் பருவத்து டார்ட்மண்ட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் இறுதியில் ஆடிய அணி, 2015 பிப்ரவரித் தொடக்கத்தில் 19 போட்டிகள் முடிந்த நிலையில் ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் கடைசி இடத்தில் கிடந்தது. கிளப் அவரை மாற்றவில்லை. பருவம் முடிந்தபோது அணி ஏழாவது இடத்துக்கு வந்திருந்தது.

புதிய மேலாளர் வந்ததும் அணி எழுந்துவிடுகிறதே என்று எதிர்க்கட்சி கேட்கும். அதற்கான பதிலைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு எதிரே நடப்பதை மறுப்பது போலத் தோன்றும். மேலாளர்கள் நீக்கப்படுவது அணி தன் இயல்பைவிடக் கீழே விழுந்து கிடக்கும் நேரத்தில்; அங்கிருந்து யார் வந்தாலும், யாருமே வராவிட்டாலும், மேலே ஏறத்தான் வாய்ப்பு அதிகம். பாஸ் தெர் வேல் என்ற பொருளியலாளர் நெதர்லாந்தின் முதல் நிலை லீகை 1986 முதல் 2004 வரை எடுத்து ஆராய்ந்தபோது, மேலாளரை மாற்றிய கிளப்புகளோடு, அதே அளவு சரிந்தும் மாற்றாத கிளப்புகளையும் வைத்து ஒப்பிட்டார். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் மீண்டிருந்தன.

இடைக்கால மேலாளரின் முதல் வெற்றிகளைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதும் இதிலேயே அடங்கும். 2018 டிசம்பரில் இடைக்காலமாக வந்த ஓலே குன்னார் சோல்ஷர், மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக 19 போட்டிகளில் 14ஐ வென்றார். அதைப் பார்த்து மார்ச் இறுதியில் பதவி நிரந்தரமாக்கப்பட்டது. அதன் பிறகு அந்தப் பருவத்தில் ஆடிய 10 போட்டிகளில் வென்றவை இரண்டே.

நோட்டுப் புத்தகத்தோடு ஆட்டம் பார்ப்பது

எண்கள் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதிக்குக் கண் வேண்டும், அந்தக் கண் பந்தின் பின்னாலேயே ஓடக் கூடாது. அடுத்த மூன்று போட்டிகளுக்கு ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் அணி பந்தை இழந்த அடுத்த ஐந்து வினாடிகளை மட்டும் குறித்து வாருங்கள். முன்கள வீரர் திரும்பி எதிரணித் தற்காப்பு வீரரை நோக்கி ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னால் இருக்கும் நடுக்கள வீரர்கள் இருபது மீட்டர் தள்ளி நின்றுவிட்டால், எதிரணியின் நடுக்கள வீரருக்குப் பந்தை வாங்கி, திரும்பி, தலையை நிமிர்த்திப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அதைக் கண்டதும் நம் தற்காப்பு வரிசை பின்வாங்கத் தொடங்குகிறது. அணி இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இது ஒரு போட்டியில் இரண்டு முறை நடந்தால் களைப்பு. மூன்று போட்டிகளிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் அது பயிற்சிக் களத்தின் குறை, அதற்குப் பொறுப்பு மேலாளர்தான்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. எல்லோரும் ஓடுகிறார்கள், ஆனால் சேர்ந்து ஓடவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் அவர்களுக்குள் இறங்கவில்லை. அது காலத்தால் திருந்தக்கூடியது. எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்தும் நடக்கிறார்கள் என்றால் மேலாளர் மேல் நம்பிக்கை போய்விட்டது. இரண்டாவது நிலையிலிருந்து மீண்ட அணியை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். பொறுத்துப் பார்க்கும் கட்சியாக இருந்தாலும் அந்த இடத்தில் நான் வாதத்தை விட்டுவிடுவேன்.

அதே பக்கத்தில் கோல் வாங்கிய பிறகான பத்து நிமிடங்களையும், மாற்று வீரர்கள் இறங்கிய பிறகு என்ன மாறுகிறது என்பதையும் குறிக்கலாம். தோற்றுக்கொண்டிருக்கும்போது எழுபதாவது நிமிடத்தில் ஒரு விங்கரை (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரரை) எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு விங்கரை இறக்குவது ஆளை மாற்றுவது மட்டுமே. எதிரணிக்குப் புதிதாக ஒரு கேள்வி எழுகிறதா என்பதைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்பும் சோதனை வேறு. அணியில் மூன்று வீரர்களைத் தேர்ந்தெடுங்கள், ஒருவராவது இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கட்டும். இந்த மேலாளர் வந்த நாளில் எப்படி ஆடினார்கள், இன்று எப்படி ஆடுகிறார்கள் என்று எழுதுங்கள். மூவரில் ஒருவர்கூடத் தேறவில்லை என்றால், கிளப் எந்த இடத்தில் நின்றாலும் அவரைக் காப்பாற்றுவதற்கான வாதம் மெலிந்துவிடுகிறது.

குற்றத்தைப் பிரித்துப் பார்ப்பது

வீரர்களை வாங்குவது பல கிளப்புகளில் மேலாளரின் கையில் இல்லை. விளையாட்டு இயக்குநரும் நிர்வாகமும் முடிவு செய்கிறார்கள். காயப்பட்டியலும் அவர் கையில் முழுமையாக இல்லை. 2021-22 பருவத்தின் தொடக்கத்தில் மிக்கேல் ஆர்டெட்டாவின் ஆர்சனல் முதல் மூன்று லீக் போட்டிகளில் ஒன்பது கோல்கள் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல், பட்டியலின் அடியில் கிடந்தது. அதற்கு முந்திய இரண்டு பருவங்களிலும் எட்டாவது இடம் என்பதால் அவரை அனுப்பச் சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பருவத்துக்கென அமைத்த தற்காப்பு அந்த மூன்று போட்டிகளிலும் களத்திலேயே இல்லை: கோல்கீப்பர் ராம்ஸ்டேல், தோமியாசு, காயத்திலிருந்து மீண்ட காப்ரியேல் ஆகிய மூவரும் அந்த ஆண்டு லீகில் முதன்முதலாக இறங்கியது நான்காவது போட்டியில். அந்த விவரத்தைக் கவனித்தவர்களுக்குப் பொறுக்க ஒரு காரணம் இருந்தது. அணி ஐந்தாவதாக முடித்தது, அடுத்த ஆண்டு இரண்டாவதாக.

அப்படியானால் அடுத்தவர் யார்?

அனுப்பச் சொல்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாதத்தை முடிக்காதீர்கள். பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் இப்போது கிடைக்கக்கூடியவராக, இப்போதிருக்கும் வீரர்களை வைத்து ஆடக்கூடியவராக இருக்க வேண்டும். செலவும் உண்டு. அந்தோனியோ கோன்டேயையும் அவருடைய குழுவையும் நீக்கியதற்குச் செல்சீயின் கணக்கில் 2.66 கோடி பவுண்டு ஏறியது. ஜோசே மொரின்யோவையும் அவருடைய குழுவையும் அனுப்ப மான்செஸ்டர் யுனைடெட் 1.96 கோடி பவுண்டு கொடுத்தது. நடுத்தரக் கிளப்புக்கு இதில் ஒரு பகுதியே ஒரு நல்ல வீரரின் விலை.

காலமும் முக்கியம். வீரர்களை வாங்கும் காலம் மூடிய மறு வாரத்தில் மேலாளரை மாற்றுவது, வேறொருவர் சமைக்க வாங்கி வைத்ததை வைத்துச் சமைக்கச் சொல்வது போன்றது. லீட்ஸ் யுனைடெட் 2022-23இல் பிப்ரவரியில் ஜெஸ்ஸி மார்ஷை நீக்கி, ஹவி கிராசியாவைக் கொண்டுவந்து, நான்கே போட்டிகள் மீதமிருந்தபோது சாம் அல்லர்டைசை அமர்த்தியது, இருந்தும் தரமிறங்கியது.

பழைய கதைகளைக் கையாளுவது

இந்த வாதத்தில் அலெக்ஸ் ஃபெர்குசனின் பெயர் எப்படியும் வந்தே தீரும். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர், 1989-90 பருவத்தில் அணியை 13ஆம் இடத்தில் முடித்தார், அதே ஆண்டு இங்கிலாந்தின் வெளியேற்று முறைக் கோப்பையான எஃப்ஏ கோப்பையை வென்றார், முதல் லீக் பட்டம் 1993இல்தான் வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அவகாசம் கிடைத்தும் தேறாத மேலாளர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை, அதனால் இந்த ஒரு பெயர் எதையும் நிரூபிப்பதில்லை. எதிர்க்கட்சியின் துருப்புச் சீட்டு செல்சீ: 2012 மார்ச்சில் மேலாளரை மாற்றி மே மாதத்தில் சாம்பியன்ஸ் லீகை வென்றது, 2021 ஜனவரியில் மாற்றி மீண்டும் மே மாதத்தில் வென்றது. அதுவும் அதே அளவுக்குத்தான் செல்லும். கோப்பையும் இப்படித்தான் கண்ணை மறைக்கும்: மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் டென் ஹாக் 2024இல் லீகில் எட்டாவதாக முடித்து எஃப்ஏ கோப்பையை வென்றதால் பதவியில் நீடித்தார், அக்டோபரில் நீக்கப்பட்டார்; ஆஞ்சி போஸ்டகோக்லு 2025 மே மாதத்தில் டாட்டன்ஹாமுக்கு ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் கோப்பையான ஐரோப்பா லீகை வென்று கொடுத்தார், லீகில் 17ஆம் இடம் என்பதால் பதினாறு நாளில் வெளியேற்றப்பட்டார்.

கதை சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஃபிரைபர்க் கிளப்பின் கதையைச் சொல்லுங்கள், ஏனென்றால் அது இரண்டு கட்சிக்கும் வேலை கொடுக்கும். 2011 டிசம்பரில் கடைசி இடத்தில் இருந்தபோது மேலாளரை மாற்றியது அந்தக் கிளப். வந்தவர் அவர்களுடைய இளையோர் பயிற்சிக் கூடத்திலேயே பல்லாண்டு வேலை செய்த கிறிஸ்டியன் ஸ்ட்ரைக். அணி 12ஆவதாக முடித்தது. அதே ஸ்ட்ரைக்கின் கீழ் 2015இல் தரமிறங்கியது. இந்த முறை கிளப் அவரை மாற்றவில்லை. அடுத்த ஆண்டே இரண்டாம் நிலையில் முதலிடம் பிடித்து மேலேறியது, 2022இல் ஜெர்மன் கோப்பையின் இறுதிவரை போனது, அவர் 2024 வரை இருந்தார். முதல் முறை கைவசம் அடுத்தவர் இருந்தார். இரண்டாம் முறை அவரைவிடத் தகுந்தவர் இல்லை என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

எழுதி வைத்துக்கொள்வது

வாதம் சூடாவதற்கு முன் இருவரும் ஒரு தாளில் எழுத வேண்டியது இது: எந்தத் தேதிக்குள் என்ன நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். "ஆட்டம் மேம்பட வேண்டும்" என்று எழுதினால் செல்லாது. எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒரு முறை நானும் என் நண்பரும் அப்படி எழுதினோம். கார்னர்களிலிருந்து வாங்கும் கோல்கள் அடுத்த பத்துப் போட்டிகளில் பாதியாகக் குறையாவிட்டால் மேலாளர் போகலாம் என்பது என் வரி. குறையவில்லை, இரண்டு கூடியது. நான் உடனே கோல்கீப்பரின் தோள் காயத்தைப் பற்றியும், ஒரு போட்டியில் பெய்த மழையைப் பற்றியும் நீளமாகப் பேசத் தொடங்கினேன். நண்பர் குறுக்கே பேசவில்லை. பணப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, என் கையெழுத்து இருந்த பக்கம் மேலே தெரியும்படி மேசையில் வைத்தார். அந்த மேலாளர் இன்னும் ஆறு வாரம் இருந்தார். அவருக்காக நான் அதன் பிறகு வாதிடவில்லை.

மேலாளர் மாறிவிட்டால் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். புதியவரின் முதல் ஐந்து போட்டிகளின் முடிவுகளைக் கணக்கில் சேர்க்காமல், ஆறாவது போட்டியிலிருந்து அதே ஐந்து வினாடிகளையும் அதே மூன்று வீரர்களையும் புதிய பக்கத்தில் குறிக்கத் தொடங்குங்கள்.