கல்யாணப் படங்களுக்கு எந்த டிவிடி?

கோபிசெட்டிபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2009இல் எடுத்த கல்யாணம் ஒன்றின் படங்களைக் கேட்டு மாப்பிள்ளையின் அக்கா வந்தார். டிவிடியைப் போட்டேன். அவர் உட்கார்ந்த இணைச்சீர்ச் சடங்கு வந்தது, முகூர்த்தம் வந்தது. அதற்குமேல், வட்டைப் படிக்கவும் எழுதவும் வைத்திருக்கும் ரைட்டர் முனகியதோடு சரி. அவர் தேடி வந்ததோ, பந்தி விசாரித்துக்கொண்டு நின்ற அப்பாவின் படம்.

டிவிடியில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். பழுது பெரும்பாலும் விளிம்பில்தான் முதலில் தெரியும். நான் விளிம்புவரை நிரப்பியிருந்தேன். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் கம்ப்யூட்டர் 4.38 என்றுதான் காட்டும். இப்போது 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிடி-ஆரில் 700 எம்பிதான். அதன் பதிவுப் படலம் மேல்பூச்சுக்கு நேர் கீழே இருப்பதால், லேபிள் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே கெடும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பதுங்கியிருக்கிறது.

ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடியில் மைனஸ் ஆரா (DVD-R), பிளஸ் ஆரா (DVD+R) என்று கடையில் நின்று குழம்ப வேண்டாம். இன்றைய ரைட்டர்கள் இரண்டையும் ஏற்கும். வாடிக்கையாளர் வீட்டில் பழைய பிளேயர் இருந்தால் மட்டும் மைனஸ் கொடுங்கள். ஆர்டபிள்யூ (RW) என்ற வகையை ஏறக்குறைய 1,000 முறை அழித்து எழுதலாம் என்பார்கள். அழிக்க முடிகிற ஒன்றில் ஒரு குடும்பத்தின் கல்யாணத்தை வைக்க எனக்கு மனம் வராது. ஆல்பம் அச்சுக்கு ஈரோட்டுக்குக் கொடுத்தனுப்ப அது போதும்.

இப்போதைய கேமராப் படங்களுக்கு ப்ளூரே பிடி-ஆர்தான் கட்டுப்படியாகிறது, ஒன்றில் 25 ஜிபி. தனி ரைட்டர் வாங்க வேண்டும். அட்டையில் எல்டிஹெச் (LTH) என்றிருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். அதில் பழைய டிவிடியைப் போலவே கரிமச் சாயம். ஹெச்டிஎல் (HTL) வகையில் கனிமப் படலம் இருக்கிறது, வெளிச்சத்தைத் தாங்கும்.

நடுத்தர வேகத்தில் எழுதி, முடிந்ததும் சரிபார்க்க விடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு கம்பெனி வட்டுகளில். என்னுடைய இரண்டாவது பிரதி பெருந்துறையில் மச்சான் வீட்டு மர பீரோவில் இருக்கிறது. என் கடைக்குத் தகரக் கூரை, சித்திரை வெயிலில் உள்ளே உட்காரவே முடியாது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் பழைய வட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, திணறுவதைப் புதிதில் ஏற்றுகிறேன். இதுவரை 2011 வரை வந்திருக்கிறேன்.